மூன்று விரல் உப்பு

பயண நூல்களை விரும்பிப் படிப்போர் உள்ளத்தில் ஓர் ஐயம் எழாமல் இராது. நாடு நாடாகத் திரிந்த இப்பெருமக்களுக்குக் காய்ச்சலும் வயிற்றுக் கோளாறும் வந்ததே இல்லையா என்பதே அவ்வையம். கண்ட மாட மாளிகைகளையும் உண்ட விருந்துகளையும் விரித்துரைக்கும் ஏடுகள், நோயில் கிடந்த இரவுகளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நோய் பயணத்தின் பகுதியன்று, பயணத்துக்கு நேர்ந்த இடையூறு என்பது அவர்தம் கருத்துப் போலும். மருத்துவரை விடுதி அறைக்கே வரவழைக்கக்கூடிய செல்வர்க்கு அது பொருந்தலாம். ஒவ்வொரு காசையும் எண்ணிச் செலவிடும் எளிய பயணிக்கோ, படுத்த பின்னர்தான் தான் வந்திருக்கும் நாடு எத்தகையது என்பது விளங்கத் தொடங்குகிறது.

இவ்வகையில் இப்னு பதூதாவை நான் பெரிதும் மதிப்பதுண்டு. அவர் எதையும் மறைக்கவில்லை. 1325ஆம் ஆண்டில், இருபத்தொரு வயதில், மொரோக்கோ நாட்டுத் தாஞ்சியர் நகரிலிருந்து ஹஜ் கடமையை நிறைவேற்றத் தனியே புறப்பட்டவர் அவர். பிஜாயா நகரை அடைந்ததுமே கடுங்காய்ச்சல் பற்றிக்கொள்கிறது. நலம் பெறும்வரை தங்கிச் செல்லுமாறு உடன் வந்தோர் வற்புறுத்துகின்றனர். அவர் இசையவில்லை. கனமான பொருள்களை விற்றுவிட்டு, இரவல் ஊர்தியில் ஏறிச் செல்கிறார். வழியில் மயங்கிக் கீழே விழுந்துவிடலாம் என அஞ்சித் தலைப்பாகைத் துணியை அவிழ்த்துத் தம்மைச் சேணத்தோடு சேர்த்துக் கட்டிக்கொள்கிறார். உலகின் பெரும்பயணங்களுள் ஒன்று இவ்வாறு ஒரு நோயாளியின் பயணமாகவே தொடங்கிற்று.

அவர் மீண்டும் ஒருமுறை இறப்பின் வாயிலைக் கண்டது நம் மதுரையில் என்பது பலரும் அறியாதது. 1340களில் மாபார் சுல்தானகத்தின் தலைநகராயிருந்த மதுரையில் கொள்ளைநோய் பரவியிருந்த வேளையில் அவர் அங்கே சென்றார். காய்ச்சல் கண்டு, முடிவு வந்துவிட்டதென்றே எண்ணினார். அப்போது அல்லாஹ் தம் உள்ளத்தில் புளியை நினைவூட்டியதாகவும், அதைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, மூன்று நாள் வயிறு கழிந்து, பின் நலம் பெற்றதாகவும் எழுதுகிறார். புளிக்கு அரபு மொழியில் ‘தமர் ஹிந்தி’, அதாவது இந்தியப் பேரீச்சை என்று பெயர். நம் வீட்டு அடுக்களையில் ரசத்துக்குக் கரைக்கும் புளி, அவருக்கு உயிர் மருந்தாயிற்று. புளி உண்மையில் அக்காய்ச்சலைத் தீர்த்ததா என்பதை மருத்துவர்கள் ஆராயட்டும். எளிய பொருள் ஒன்றைத் தக்க வேளையில் கையருகே பெற்றார் என்பதே எனக்குப் பெரிதாகப்படுகிறது.

அத்தகைய பேறு எனக்கும் ஒருமுறை வாய்த்தது.

1998ஆம் ஆண்டு ஏப்ரல் இறுதியில், தேர்வுப் பணிகள் முடிந்த கையோடு வங்கதேசம் புறப்பட்டேன். பாகர்ஹாட்டில் கான் ஜஹான் அலி பதினைந்தாம் நூற்றாண்டில் எழுப்பிய ‘அறுபது குவிமாடப் பள்ளிவாசல்’ ஒன்று உண்டு. பெயரில் அறுபது, எண்ணினாலோ கூரை மேல் மட்டும் எழுபத்தேழு. அதனைக் கண்டு, பிறகு இப்னு பதூதா சென்ற சில்ஹெட் நகருக்குச் சென்று ஷா ஜலால் அடக்கத்தலத்தையும் பார்த்து வருவது என் திட்டம். கையிலிருந்தது ஐயாயிரம் உரூபாய். ஆதலின் இரண்டாம் வகுப்பில் கல்கத்தா, சியால்தாவிலிருந்து உள்ளூர் மின்தொடரில் பொன்காவ், அங்கிருந்து எல்லை கடந்து பேனாபோல், பின் பேருந்தில் யசோர், குல்னா என்பதாகப் பயணம் அமைந்தது. இரவுகளில் பெரும்பாலும் பள்ளிவாசல் திண்ணைகளிலும், கட்டிலுக்கு மட்டும் காசு வாங்கும் விடுதிகளிலும் படுத்தேன்.

பாகர்ஹாட் பள்ளிவாசலைப் பற்றி ஒரு தனிக் கட்டுரையே எழுதலாம். தூண்களின் காடு என்று சொல்லி இப்போது நகர்கிறேன்.

குல்னாவிலிருந்து டாக்காவுக்கு அந்நாளில் துடுப்புச் சக்கரக் கப்பல் ஓடிற்று. ‘ராக்கெட்’ என்று அதற்குப் பெயர். அதன் வேகத்தை அறிந்தவர் எவரும் சிரிக்காமல் இப்பெயரைச் சொல்ல மாட்டார். விடியலுக்கு முன் புறப்பட்டு, ஆறுகள் வழியே ஒரு பகலும் ஓர் இரவும் ஊர்ந்து, மறுநாள் காலையில்தான் டாக்காவின் சதர்காட் துறையை அடையும். மேல்தளத்தில் அறைகள் உண்டு. கீழ்த்தளத்தில் பாய் விரித்துக்கொள்ளும் இடமே சீட்டு. என் பாய்க்கு ஒரு பக்கம் கோழிக்கூடைகள். மறுபக்கம் யசோர் வட்டாரத்துக் குடும்பம் ஒன்று: ஐம்பதைத் தாண்டிய ஓர் அம்மையார், அவருடைய இரு மகன்கள், ஒரு மருமகள், கைக்குழந்தை. டாக்காவிலிருக்கும் மூத்த மகளைக் காணச் சென்றுகொண்டிருந்தனர்.

பரிசால் துறையைக் கப்பல் விட்டபோது மஃரிபு வேளை. தொழுது முடித்துப் பாயில் அமர்ந்தேன். சற்று நேரத்தில் வயிற்றில் இரைச்சல் கேட்டது. வலி இல்லை. காய்ச்சலும் இல்லை. அடுத்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை முறை எழுந்து சென்றேன் என்பதற்குக் கணக்கில்லை. அரிசி கழுவிய நீர்போல வெளியேறிற்று. பின்னர் வாந்தியும் சேர்ந்துகொண்டது. ஒன்பது மணியளவில் எழுந்து நிற்க முயன்றேன். கால்கள் என்னுடையவையாக இல்லை. கெண்டைக்கால் தசைகள் முறுக்கிக்கொண்டன. நாக்கு மரக்கட்டையாயிற்று. அந்நிய நாடு, மொழி அரைகுறை, இடுப்புப் பையில் எஞ்சியிருந்தது எழுநூறு டாக்கா. எல்லாவற்றிலும் கொடிது, அத்தனை பேர் நடுவே ஆடை நனைந்து கிடந்த நாணம். இறப்பைக் காட்டிலும் அதையே அப்போது பெரிதாக அஞ்சினேன் என்றால் மிகையன்று.

அந்த அம்மையார் முதலில் செய்தது மருத்துவமன்று. தம் மூட்டையிலிருந்து ஒரு சேலையை எடுத்தார். தூணுக்கும் கோழிக்கூடைக்கும் இடையே மகன்களைக் கொண்டு திரையாகக் கட்டச் செய்தார். ஒரு வாளியும் பழைய லுங்கியும் உள்ளே வந்தன. பிறகுதான் என் முகத்தருகே குனிந்து, “வெட்கப்படாதே, பாபா” என்றார். வங்காளத்தில் மகனைத் தந்தை முறை சொல்லிக் கொஞ்சுவது வழக்கம். எங்கள் ஊர்த் தாய்மார் பிள்ளைகளை ‘வாப்பா’ என்று அழைப்பதுபோலத்தான். அவ்வொரு சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

சுற்றிலும் கூடியவர்களில் முதியவர் ஒருவர், “தண்ணீர் கொடுக்காதீர்கள். ஊற்ற ஊற்ற இன்னும் போகும். வயிற்றைக் காயப்போடுங்கள்” என்றார். நம் ஊர்களிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்த அறிவுரையே அது. அம்மையார் அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை. இளைய மகனைத் தேநீர்க் கடைக்கு அனுப்பிக் காய்ச்சிய நீர் வாங்கிவரச் செய்தார். அரைச் சேர் அளவு பாத்திரத்தில் ஊற்றி ஆற்றினார். மகளுக்கென்று கொண்டு சென்ற வெல்லத்தை உடைத்தார். நம் கருப்பட்டி பனையிலிருந்து வருவதுபோல, அது ஈச்சமரத்துப் பதநீரில் காய்ச்சியது. அதில் ஒரு கைப்பிடி. பிறகு உப்பு: பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் சேர்த்து, முதல் கணுவரை அள்ளிய ஒரு சிட்டிகை. கலக்கினார். ஒரு வாய் தாம் சுவைத்துப் பார்த்தார். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கரைக்க வேண்டுமாம். தேர்வில் தேறியதுபோலத் தலையசைத்துவிட்டுக் கரண்டியால் ஊட்டத் தொடங்கினார். வாந்தி எடுத்தால் சற்றுப் பொறுத்து மறுபடி ஊட்டினார். இரவு முழுவதும் இதே வேலை. சாந்த்பூர் துறையில் கப்பல் நின்றதையும், விளக்குகள் ஆடியதையும், கரண்டி பல்லில் தட்டியதையும் மட்டும் நினைவில் வைத்திருக்கிறேன்.

இதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று மறுநாள் அவருடைய மகனிடம் கேட்டேன். அவர் சிறுவராயிருந்தபோது, பை ஒன்றைத் தோளில் மாட்டிய இளம்பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்து கற்பித்தாளாம். சில வாரங்கள் கழித்து வேறொருவர் வந்து, அம்மா மறந்துவிட்டாரா என்று சோதித்தாராம். அதன் முழு வரலாற்றையும் பின்னாளில் படித்தேன். பிராக் என்னும் அந்நாட்டுத் தொண்டு நிறுவனம் 1980 முதல் 1990 வரை வீடு வீடாகச் சென்று, ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் வீடுகளில் இந்த ‘லொபன்-குர்’ நீரைக் கரைக்கக் கற்பித்தது. ‘லொபன்’ உப்பு, ‘குர்’ வெல்லம். கற்பித்த பெண்களுக்கு ஊதியம், எத்தனை வீடுகளுக்குச் சென்றார்கள் என்பதைப் பொறுத்ததன்று. எத்தனை தாய்மார் சரியாக நினைவில் வைத்திருந்தார்கள் என்பதைப் பொறுத்தது. தாய்மார் கற்றும் பயன்படுத்தத் தயங்கியதைக் கண்டபோது, பள்ளிவாசல்களிலும் சந்தைகளிலும் ஆடவரைக் கூட்டி அவர்களுக்கும் விளக்கினர். ஆசிரியத் தொழிலில் இருப்போர் இந்த ஊதிய முறையைக் கேட்டால் சற்றே நெளியக்கூடும். நான் நெளிந்தேன்.

விடிந்ததும் சதர்காட். இரு மகன்களும் என்னைத் தாங்கி இறக்கினர். “தனியார் மருத்துவமனைக்கா, கலரா ஆஸ்பத்திரிக்கா?” என்று மூத்தவர் கேட்டார். “எழுநூறு டாக்காதான் இருக்கிறது” என்றேன். “அங்கே காசு கேட்க மாட்டார்கள்” என்றார். தாயாரைத் தமக்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பேபி டாக்சி என்று அந்நாளில் வழங்கிய மூன்று சக்கர வண்டியில் மொஹாகாலிக்கு என்னுடன் வந்தார். அதற்கான கூலியையும் அவரே கொடுத்தார்.

மக்கள் ‘கலரா ஆஸ்பத்திரி’ என்றழைக்கும் அவ்விடம், 1960இல் காலரா ஆய்வுக்கூடமாகத் தொடங்கி, 1978இல் பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையமாக வளர்ந்தது. வாயிலில் என் பெயரையும் ஊரையும் கேட்டார்கள். கடவுச்சீட்டையோ பணப்பையையோ எவரும் கேட்கவில்லை. அங்கே ஒரு விந்தைக் கட்டில் உண்டு. விரிப்பின் நடுவே ஒரு துளை. அதன் நேர்கீழே ஒரு வாளி. நோயாளி எழுந்து ஓட வேண்டியதில்லை. வாளியில் சேர்வதை அளந்து, அதே அளவு நீரை உடலுக்குத் திரும்பச் செலுத்துகிறார்கள். அறை முழுவதும் வரிசை வரிசையாக அதே கட்டில்கள். இழுவண்டிக்காரர், மாணவர், கைக்குழந்தை, வணிகர் என்று அனைவரும் ஒரே நிலையில் கிடந்தோம். முந்திய இரவு என்னை வாட்டிய நாணம் அங்கே நுழைந்ததுமே பொருளற்றதாயிற்று.

இளம் மருத்துவர் ஒருவர் என் வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது. விரல் நுனிகள் நெடுநேரம் துணி துவைத்த கைபோலச் சுருங்கியிருந்தன. சில மணி நேரம் நரம்பு வழியே உப்புநீர் ஏற்றினார்கள். பிறகு குவளையில் கரைசல். “இரவு யார் உங்களுக்கு நீர் கொடுத்தது?” என்று கேட்டார். சொன்னேன். “அவர் கொடுக்காதிருந்தால் நீங்கள் இங்கே பேசிக்கொண்டிருக்க மாட்டீர்கள்” என்றார். கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரையிலும் நீர் வெளியேறும்; ஈடு செய்யாவிட்டால் ஒருநாளுக்குள்ளேயே உயிர் போகலாம் என்று விளக்கினார்.

அவரிடம் கற்றதை ஈண்டுச் சுருக்கிச் சொல்கிறேன். காலரா நஞ்சு குடலை நீர் கக்கும்படி செய்கிறது. வெறும் உப்புநீரைக் குடித்தால் குடல் அதனை ஏற்பதில்லை. ஆனால், குடற்சுவரில் உப்பும் சர்க்கரையும் கைகோத்துச் செல்லும் வாயில் ஒன்று இருக்கிறது. அதை அந்நஞ்சு அடைப்பதில்லை. சர்க்கரையோடு உப்பு நுழைய, உப்பின் பின்னே நீர் நுழைகிறது. இராபர்ட் கிரேன் என்பார் இவ்விணைப்பை 1960இல் எடுத்துரைத்தார். 1968இல் இதே டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் ஆகியோரும் உடன் உழைத்த ரஃபீகுல் இஸ்லாம் போன்றோரும், கரைசலை வாய்வழியே கொடுத்தே நோயாளிகளைக் காக்க முடியும் என்று காட்டினர். அதற்குமுன் புட்டியும் ஊசியும் பயின்ற கையும் இருந்தால்தான் பிழைப்பு. அவை மூன்றும் ஏழைக்கு எட்டாதவை.

“நீங்கள் பொன்காவ் வழியாகத்தானே வந்தீர்கள்?” என்று கேட்டுவிட்டு அவர் சொன்ன செய்திதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 1971இல் விடுதலைப் போரின்போது இலட்சக்கணக்கான அகதிகள் எல்லை கடந்து பொன்காவில் குவிந்தனர். காலரா புகுந்தது. நரம்பில் ஏற்றும் நீர் தீர்ந்துவிட்டது. கல்கத்தாவிலிருந்து வந்த மருத்துவர் திலீப் மகலானபிஸ், லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு என்று கலந்து, குழாய் வைத்த பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் உறவினர்களையே குவளையில் பிடித்து ஊட்டச் செய்தார். நூற்றுக்கு முப்பதளவில் இருந்த இறப்பு, நான்கினும் கீழே இறங்கிற்று. ஆய்வுக்கூட அறிவு பாமரர் கைக்கு வந்த இடம் அது. (அப்பெருமகனார் 2022 அக்டோபரில் மறைந்தார். மறு ஆண்டு, அவர் இல்லாதபோது, பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.)

மூன்றாம் நாள், கட்டிலில் அமர்ந்தவாறே, பயணிக்குரிய சுருக்கத் தொழுகையைத் தொழுதேன். திருமறை நோன்பைப் பற்றிக் கூறுகையில் நோயாளிக்கும் பயணிக்கும் ஒரே இடத்தில் சலுகை அளிப்பதை எத்தனையோ முறை ஓதியிருக்கிறேன். ஜகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கர் இடம்பெறுவதையும் பாடமாகச் சொல்லியிருக்கிறேன். ஊரில் வசதியுள்ளவராயினும் வழியில் கைப்பொருள் அற்றவர் அதில் அடங்குவர் என்பது சட்டநூலார் விளக்கம். ஓதும்போதெல்லாம் என்னைக் கொடுப்போர் பக்கத்திலேயே வைத்துப் பார்த்துப் பழகிவிட்டது. அந்தக் கட்டிலில் நான் எட்டு வகையினருள் ஒருவன். புறப்படும்போது எழுத்தரிடம் இருநூறு டாக்காவை நீட்டினேன். அவர் தலையசைத்து மறுத்து, உப்புக் கரைசல் பொட்டலங்கள் நான்கை என் கையில் திணித்தார்.

சில்ஹெட் செல்லும் வலுவும் பணமும் இல்லை. மூத்த மகன் சிகரெட் அட்டை ஒன்றில் வங்க எழுத்தில் எழுதிக் கொடுத்த முகவரியை, ஊர் திரும்பிய பின் எழுத்துகளைச் சித்திரம்போலப் பார்த்து வரைந்து, கடிதமும் குழந்தைக்கு ஒரு சட்டையும் அனுப்பினேன். மறுமொழி வரவில்லை. போய்ச் சேர்ந்ததா என்பதும் தெரியாது.

திரும்பும் வழியில், பொன்காவ் நிலையத்தில் சியால்தா வண்டிக்கு ஒரு மணி நேரம் இருந்தது. வெளியே தேநீர்க் கடை வைத்திருந்த முதியவரிடம், எனக்குத் தெரிந்த இந்தியில், “1971இல் காலரா முகாம் இருந்த இடம் எது?” என்று கேட்டேன். அவர் அடுப்பிலிருந்து கையை எடுக்காமல் என்னை நோக்கினார். “அந்த ஆண்டு இந்த ஊர் முழுவதும் முகாம்தான். நீங்கள் எந்த இடத்தைக் கேட்கிறீர்கள்?” என்றார். பிறகு, நான் மெலிந்திருப்பதைக் கண்டோ என்னவோ, தேநீரில் இன்னும் ஒரு கரண்டிச் சர்க்கரை போட்டுக் கொடுத்தார்.